நோ டிஸ்க்: ப்ளாங்க் சிடி, ரைட்டர், மெக்கானிக் என்று எட்டு மாதம் அலைந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒரே ஒரு பொருளுக்கான ரிவ்யூ இல்லை. வெர்பேட்டிம் அஸோ ப்ளாங்க் சிடி 50 அடங்கிய ஒரு டப்பா, யுஎஸ்பியில் சொருகுகிற ஒரு டிவிடி ரைட்டர், சிடி ரைட் பண்ண இலவசமாகக் கிடைக்கிற இம்ஜ்பர்ன் சாஃப்ட்வேர், ஈரோட்டில் ஒரு மெக்கானிக், இந்த நாலும் ஒட்டுக்கா அமைந்த பிறகுதான் எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டு சிடி பிளேயர் பாடியது. தனித்தனியாக எழுதிப் பிரயோஜனம் இல்லை. இதில் எது சரியில்லாவிட்டாலும் பிளேயர் காட்டுவது அதே ‘நோ டிஸ்க்’தான், குற்றம் யார் மேல் என்று அது சொல்லாது.

சென்னிமலைப் பக்கம் அப்புச்சி ஊரில் 90-களில் அண்ணமார் கோயில் நோம்பிக்கு உடுக்கையடிக் கதை வைத்திருந்தார்கள். ராத்திரி ராத்திரியாக அந்த அண்ணமார்களான பொன்னர் சங்கர் கதை, கடைசி ராத்திரி அவர்கள் போரில் விழுகிற படுகளம். மாமா அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். மைக் செட்டுக்காரரிடம் கெஞ்சி, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து, 90 நிமிஷ கேசட்டாக 11 கேசட் பதிவு பண்ணி வைத்தார். கதை சொன்னவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. இப்போது எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் வள்ளி கும்மி அரங்கேற்றம் நடக்கிறது, சந்தோஷம்தான், ஆனால் உடுக்கையோடு விடிய விடியக் கதை சொல்ல ஆள் தேடினால் குதிரைக்கொம்பு. கேசட் பிளேயரில் பெல்ட் தேய்ந்து, மூன்றாவது கேசட்டின் டேப்பை அது மென்று துப்பிய அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சிடிக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு பண்ணினோம்.

‘இந்தக் காலத்தில் யாரப்பா சிடி, பென்டிரைவில் போட்டுக் கொடு’ என்று கேட்பவர்களுக்கு: அப்புச்சிக்கு 84 வயது. போனில் கதை ஓடும்போது நடுவில் யாராவது கூப்பிட்டால் கதை நின்றுபோகும், அப்புறம் அதை எங்கே பிடிப்பது என்று அவருக்குத் தெரியாது. பென்டிரைவ் சொருகுகிற ப்ளூடூத் டப்பா ஒன்றும் வாங்கிப் பார்த்தோம், உடுக்கைச் சத்தம் பால் கேனைத் தட்டுகிற மாதிரி கேட்டது. வீட்டில் ஏற்கெனவே 90-களின் கடைசியில் வாங்கின சிடி பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் ரெண்டு மர ஸ்பீக்கரும் இருக்கின்றன. திறக்க ஒரு பட்டன், பாட ஒரு பட்டன், நிறுத்த ஒரு பட்டன். அவருக்கு அது போதும்.

முதலில் கோயம்புத்தூரில் கேசட்டை சிடியாக மாற்றித் தருகிற ஒரு கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். ஒரு வாரத்தில் 11 கேசட்டும் 11 சிடியாக வந்துவிட்டன, மேலே கலர் படம் போட்ட வட்ட ஸ்டிக்கரெல்லாம் ஒட்டி, பார்க்க ஜம்மென்று இருந்தன. அப்போதே யோசித்திருக்க வேண்டும், 90 நிமிஷ கேசட் எப்படி ஒரு சிடிக்குள் அடங்கியது? 700 எம்பி ப்ளாங்க் சிடியில் ஆடியோ என்றால் 80 நிமிஷம்தான் கணக்கு. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் ஆறு டிஸ்க்கைப் பிளேயர் சீண்டவே இல்லை. மிச்சம் அஞ்சும் பாடின, ஆனால் முக்கால் மணி நேரம் தாண்டினதும் தாவ ஆரம்பித்தன, எல்லாவற்றிலும் கடைசிப் பத்து நிமிஷக் கதையே இல்லை. கடைக்குப் போன் பண்ணினால், “எங்க சிஸ்டத்துல நல்லாத்தானுங்க பாடுது, உங்க பிளேயர்ல லென்ஸ் வீக்குங்க” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள்.

அந்தப் பதிலில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன். ஆனால் கம்ப்யூட்டரில் பாடுகிறது என்பது ஒரு சோதனையே இல்லை. கம்ப்யூட்டர் டிரைவ் எதைக் கொடுத்தாலும் படிக்கும், தடுமாறினால் திரும்பப் போய் இன்னொருக்காப் படிக்கும். பழைய சிடி பிளேயருக்கு அந்த அவகாசம் கிடையாது, ஓடிக்கொண்டே படித்தாக வேண்டும். அப்புறம் அந்த ஆறு டிஸ்க்கும் எம்பி3 டிஸ்க். அதாவது பாட்டை ஃபைலாகக் காப்பி பண்ணின டேட்டா சிடி. காரிலும் டிவிடி பிளேயரிலும் பாடும், நம் பழைய பிளேயருக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது 1980-ல் ஃபிலிப்ஸும் சோனியும் சேர்ந்து எழுதிய ஆடியோ சிடி விதி மட்டும்தான்: நொடிக்கு 44,100 மாதிரி, 16 பிட், ரெண்டு சானல். கடையில் ஸ்டிக்கர் ஒட்டுவதற்குச் செலவழித்த நேரத்தில், எந்த பிளேயரில் போடப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, லென்ஸையும் பார்த்துவிடலாம் என்று பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு ஈரோட்டுக்குப் பஸ் ஏறினேன். மணிக்கூண்டுப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்னக் கடை, போர்டுகூடக் கிடையாது. இந்த ரிவ்யூவில் ஐந்துக்கு ஐந்து கொடுப்பதென்றால் அவருக்குத்தான். நான் கொண்டுபோன டிஸ்க்கைக் கையில் வாங்காமலே, “ஏனுங் தம்பி, கடையில வாங்குன ஒரிஜினல் சிடி ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவரே ஒரு பழைய சினிமாப் பாட்டு சிடியை எடுத்துப் போட்டார். முதல் பாட்டு, நடுவில் ஒன்று, கடைசிப் பாட்டு, மூன்றும் சுத்தமாகப் பாடின. “லென்ஸ் போயிருந்தா இதுவே பாடாதுங். மாத்த வேண்டியதில்லை.” புது லென்ஸ் போட்டு ஆயிரம் ரெண்டாயிரம் வாங்கியிருக்கலாம், எனக்குத் தெரிந்திருக்கவே போகிறதில்லை.

அப்புறம் மூடியைக் கழற்றி, பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு லென்ஸைக் கண்ணாடித் தூசு தட்டுகிற மாதிரி மெதுவாகத் துடைத்தார். லென்ஸ் நகர்கிற தண்டில் காய்ந்து பிசினாகிப்போன கிரீஸை எடுத்துவிட்டுப் புதுசு தடவினார். லேசர் பவரைக் கூட்டுகிற சின்னத் திருகு ஒன்று இருக்கிறது, சில பேர் அதைத் திருகிவிட்டு ‘சரியாப்போச்சு’ என்பார்களாம், கொஞ்ச நாள் எல்லாவற்றையும் படிக்கும், அப்புறம் லேசரே தீய்ந்துபோகும் என்றார். அவர் அதைத் தொடவில்லை. 250 ரூபாய்தான் வாங்கினார். குறை என்றால், போனை எடுக்க மாட்டார், மத்தியானம் சாப்பிடப் போனால் எப்போது வருவார் என்று பக்கத்து டீக்கடைக்காரருக்கும் தெரியாது.

ஒரிஜினல் பாடுகிறது, நாம் ரைட் பண்ணினது ஏன் தடுமாறுகிறது என்பதற்கு அவர் சொன்ன விளக்கத்தை அப்புறம் நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ஒரிஜினல் சிடி அச்சில் வார்த்தது, குழி குழியாக இருக்கும், மேலே அலுமினியப் பூச்சு. லேசர் வெளிச்சத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அப்படியே திருப்பி அனுப்பும். ப்ளாங்க் சிடியில் குழி கிடையாது, ஒரு சாயம்தான், ரைட்டரின் லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுக் கருக்கி வைக்கிறது, பிளேயர் அந்தக் கறையைக் குழி என்று நம்பிப் படிக்கிறது. வெளிச்சம் திரும்புவதும் கொஞ்சம் குறைவு, 65 சதவீதத்தை ஒட்டி. புது லென்ஸுக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. இருபது வருஷத் தூசு படிந்த லென்ஸுக்கு ஒரிஜினல் தெரியும், நம்முடையது மங்கலாகத் தெரியும். ‘லென்ஸ் வீக்’ என்பதில் பாதி உண்மை என்றேனே, அது இதுதான். அழித்து அழித்து எழுதுகிற ஆர்டபிள்யூ டிஸ்க் என்றால் 15-லிருந்து 25 சதவீதம்தான் திரும்பும். சோதனைக்கு மிச்சமாகும் என்று நான் முதலில் வாங்கினது ரெண்டு ஆர்டபிள்யூ. அப்புச்சி பிளேயர் அவற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளியது.

இனி டிஸ்க். ஒரு காலத்தில் ஜெராக்ஸ் கடையில்கூட மோசர் பேர் டிஸ்க் தொங்கும். நொய்டா கம்பெனி, உலக அளவில் பெரிய டிஸ்க் கம்பெனிகளில் ஒன்று, சினிமாப் படத்தையே மலிவு விலையில் சிடியாகப் போட்டு நம் ஊரில் குவித்தது. 2018-ல் அது கலைப்புக்குப் போய்விட்டது. பழைய ஆடியோ பைத்தியங்கள் ஜப்பானின் தாயோ யூடென் டிஸ்க்கைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள், அவர்களும் 2015-லேயே டிஸ்க் வியாபாரத்தை நிறுத்தினார்கள். இப்போது டவுனில் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் பெயர் தெரியாத டிஸ்க்குகள், இல்லையென்றால் எத்தனை வருஷமாக அலமாரியில் கிடந்தது என்று தெரியாத பழைய சரக்கு. அப்படி ஒன்றை உள்ளூரில் பத்து எண்ணம் வாங்கினேன், ஒரு கையில் பிடித்து ஜன்னல் பக்கம் காட்டினால் மறுபக்கம் இருக்கிற தென்னை மரம் தெரிகிறது. பூச்சு அவ்வளவு மெலிசு. அதில் நாலு பாடியது, ஆறு பாடவில்லை.

வெர்பேட்டிம் அஸோவை ஆன்லைனில் வாங்கினேன். அடிப்பக்கம் நீலமாக இருக்கும், அதுதான் அஸோ சாயத்தின் நிறம். அதே பெயரில் அஸோ இல்லாத வகையும் வருகிறது, டப்பா மேல் அந்த வார்த்தை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வெர்பேட்டிம் என்ற பெயரும் இப்போது தைவானின் சிஎம்சி கம்பெனி கையில்தான், பழைய தரம் அப்படியே இருக்கிறதா என்று என்னைக் கேட்டால் ஒப்பிட என்னிடம் பழையது இல்லை. என் டப்பாவில் டிஸ்க்கின் குறை என்று எதையும் சொல்ல முடியவில்லை. ‘மியூசிக்’ என்று தனியாகப் போட்டுக் கூடுதல் விலையில் ஒரு வகை இருக்கிறது, அது டெக் மாதிரி தனியாக இயங்குகிற சிடி ரெக்கார்டர் பெட்டிகளுக்கு, கம்ப்யூட்டரில் ரைட் பண்ணுகிறவர்களுக்குத் தேவையே இல்லை.

ரைட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே, தட்டையாக, வெயிட் இல்லாமல் இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை, இதற்குத் தனி கரண்ட் கிடையாது, யுஎஸ்பி ஓட்டையிலிருந்துதான் எல்லாம் உறிஞ்ச வேண்டும். மவுஸ், கீபோர்டு, ப்ரிண்டரோடு சேர்த்து ஒரு யுஎஸ்பி ஹப்பில் சொருகி ரைட் பண்ணினேன், 60 சதவீதத்தில் நின்றது, ஒரு டிஸ்க் போச்சு. லேப்டாப்பில் நேரடியாகச் சொருகின பிறகு அந்தப் பிரச்சினை வரவில்லை.

வேகம்தான் எல்லோரும் சண்டை போடுகிற விஷயம். என் பங்காளி ஒருத்தன் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான், எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது, ஒண்ணு எக்ஸில், அதாவது பாட்டு ஓடுகிற அதே வேகத்தில், போடு என்று. இருபது வருஷத்துக்கு முந்திய டிஸ்க்குக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இப்போது வருகிற சாயம் வேகமாகச் சுடுவதற்கென்றே பக்குவப்படுத்தினது, ரொம்ப மெதுவாகச் சுட்டால் கறை தெளிவாக விழ வேண்டுமென்று கட்டாயம் இல்லை. என் ரைட்டரும் இந்த டிஸ்க்கும் சேர்ந்தால் இருக்கிறதே மூன்று வேகம்தான்: 10, 16, 24. ஒரே கேசட் பக்கத்தை மூன்று வேகத்திலும் ரைட் பண்ணி அப்புச்சி பிளேயரில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன் (மூன்று தடவை முக்கால் மணி நேரம், அதே கதை, ஆத்தா எனக்குக் காப்பி கொடுத்தே சலித்துப்போனார்). 24-ல் போட்டது 35 நிமிஷத்துக்கு மேல் ரெண்டு இடத்தில் திக்கியது. 10-ம் 16-ம் திக்கவில்லை, ஆனால் 16-ல் போட்டதைப் பிளேயர் உள்ளே வாங்கின உடனே படித்தது, 10-ல் போட்டதற்குக் கொஞ்சம் யோசித்தது. அதனால் 16 எக்ஸ். உங்கள் டிஸ்க்குக்கும் ரைட்டருக்கும் வேறு கணக்கு வரலாம், சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

இம்ஜ்பர்ன் 2013-க்கு அப்புறம் புது வெர்ஷன் வராத சாஃப்ட்வேர், பார்க்கவும் அந்தக் காலத்து ரயில்வே கவுன்ட்டர் மாதிரி இருக்கும், ஆனால் வேலை சுத்தம். சும்மா சினிமாப் பாட்டு போட்டுக் கேட்கிறவர்களுக்கு இது வேண்டியதில்லை, விண்டோஸில் இருக்கிற பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் ‘டேட்டா’ என்பதை விட்டு ‘ஆடியோ சிடி’ என்று தேர்ந்தெடுத்தால் போதும். எனக்குத் தேவைப்பட்டது வேறு காரணத்துக்காக. முதல் தடவை வேறொரு சாஃப்ட்வேரில், கதையை அஞ்சஞ்சு நிமிஷத் துண்டாக வெட்டி ரைட் பண்ணினேன், அப்புச்சி விட்ட இடத்திலிருந்து கேட்க வசதியாக இருக்கட்டும் என்று. அது ‘ட்ராக் அட் ஒன்ஸ்’ முறையில் ரைட் பண்ணிவிட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் லேசரை அணைத்து ஏற்றுவதால் ரெண்டு நொடி மௌனம் விழும். படுகளத்தில் அண்ணமாரின் தங்கை தங்காள் அழுகிற இடம், உடுக்கை உச்சத்தில் போய்க்கொண்டிருக்கிறது, பட்டென்று கரண்ட் போன மாதிரி அமைதி. அப்புச்சி எழுந்து போய் பிளேயரைத் தட்டிப் பார்த்தார்.

‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ என்றால் முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் எழுதும், நடுவில் நிற்காது. துண்டு துண்டாக ஃபைல் வைக்காமல் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே நீள வேவ் ஃபைலாக வைத்து, எந்த நிமிஷத்தில் எந்த ட்ராக் தொடங்குகிறது என்று ஒரு க்யூ ஃபைலில் எழுதிக் கொடுத்துவிட்டால் இம்ஜ்பர்ன் அப்படியே செய்கிறது. க்யூ ஃபைல் என்றதும் பயப்பட வேண்டாம், நோட்பேடில் எழுதுகிற நாலு வரிதான். இதில் கவனிக்க வேண்டியது, சிடியில் ஒரு நொடி என்பது 75 துண்டு, ட்ராக் அந்தத் துண்டின் எல்லையில்தான் தொடங்க முடியும். தனித்தனி ஃபைலாக வெட்டினால் கடைசித் துண்டில் மீதி இடத்தை மௌனத்தால் நிரப்பிவிடும், அதுதான் சில டிஸ்க்கில் ட்ராக் மாறும்போது ‘டிக்’ என்று கேட்கிறது. நான் கேசட்டைக் கம்ப்யூட்டரில் பதிவு பண்ணினது ஆடாசிட்டி என்கிற சாஃப்ட்வேரில், எதை ஏற்றுமதி பண்ணினாலும் 44,100, 16 பிட் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். முடிவில் டிஸ்க்கை மூடுவது, அதாவது ஃபைனலைஸ், கட்டாயம். மூடாத டிஸ்க்கில் உள்ளே என்ன இருக்கிறது என்கிற அட்டவணை எழுதப்பட்டிருக்காது, பிளேயருக்கு அது வெறும் தட்டு.

ஒரு கேசட் பக்கத்துக்கு ஒரு டிஸ்க் என்று 22 டிஸ்க்காகப் போட்டேன். கஞ்சத்தனம் பார்த்தால் 80 நிமிஷம் நிரப்பி 13-ல் முடித்திருக்கலாம். ஆனால் சிடி நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போகத்தான் ஆட்டம் அதிகம், திக்குவதெல்லாம் ஓரத்தில்தான், 45 நிமிஷத்தோடு நிறுத்தினால் அந்த ஓரத்துக்கே வேலை இல்லை. அப்புச்சிக்கும் ‘மூணாவது கேசட், ரெண்டாவது பக்கம்’ என்ற பழைய கணக்கு மாறவில்லை.

ஸ்டிக்கர் மட்டும் ஒட்டாதீர்கள். பேப்பர் ஒரு பக்கம் ஈரம் இழுத்துச் சுருங்கினால் தட்டு வளைகிறது, கொஞ்சம் கோணலாக ஒட்டினாலே சுற்றும்போது உதறுகிறது, பிய்த்தால் பூச்சும் சேர்ந்து வரும். கோயம்புத்தூர் கடை டிஸ்க் ஒன்றில் நான் அதைச் செய்து பார்த்துவிட்டேன். எல்லோரும் அடிப்பக்கத்தைத்தான் பத்திரமாகப் பார்ப்பார்கள், உண்மையில் நாம் பெயர் எழுதுகிற மேல்பக்கம்தான் மென்மையானது, பூச்சுக்கும் வெளிக்கும் நடுவில் மெல்லிய லேக்கர்தான் இருக்கிறது. பால்பாயின்ட் பேனா கூடாது, நுனி மெதுவான மார்க்கரில் எழுதலாம். ரைட் பண்ணுவதற்கு முன்னால் விரல் ரேகை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முறுக்கு சாப்பிட்ட கையோடு தொட்டு ஒரு டிஸ்க்கைக் கெடுத்தேன். மாமா தன் காப்பியைக் காரின் டேஷ்போர்டிலேயே சித்திரை வெயிலில் விட்டு வைத்திருக்கிறார். சாயத்துக்கு வெயில் ஆகாது என்று சொன்னால், “பாக்கலாம் மாப்ளை” என்கிறார்.

இதுவரை 38 டிஸ்க் ஆயிற்று, அதில் வீணானது மூன்று, மூன்றும் என் தப்பு. மற்ற எதற்கும் பிளேயர் ஒரு தடவைகூட ‘நோ டிஸ்க்’ காட்டவில்லை. இத்தனைக்கும் அப்புச்சிக்குத் திருப்தி இல்லை. “எல்லாஞ் சரி கண்ணு, சனம் பேசுற சத்தத்தையெல்லாம் காணமே? உங்க ஆத்தா உக்காந்து பேசிக்கிட்டிருந்தாளே, அது கூடக் கேக்குமே” என்கிறார். கேசட்டின் இரைச்சலைக் குறைக்கிறேன் பேர்வழி என்று ஆடாசிட்டியில் நான் அழுத்தின ஒரு பட்டன், இரைச்சலோடு சேர்த்துக் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த கூட்டத்தையும் துடைத்துவிட்டிருக்கிறது. மிச்சம் 12 டிஸ்க் இருக்கிறது, இன்னொரு டப்பாவும் ஆர்டர் போட்டாச்சு, முதல் கேசட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறேன்.